குறும்படத்தில் விடலை உள்ளம்

(சங்கத்தின் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் கைபேசியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

நம் காலனியைச் சேர்ந்த மாணவர் ஐவர் ஆண்டு விழாவிற்கென ஒரு குறும்படம் எடுக்க முனைந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் கதையைப் படித்த செயற்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்ததையும் அறிவீர்கள். ஒரு காட்சியை நீக்கினால் அன்றிப் படத்தைத் திரையிடுதல் கூடாது என்பது ஒரு சாரார் கட்சி. அக்காட்சி இல்லையேல் படமே இல்லை என்பது பிள்ளைகள் கட்சி. இரு சாராரும் நம்மைப் பேசுமாறு கேட்டுக்கொண்டனர். கதையை இருமுறை படித்தோம். இருவருக்கும் சொல்ல வேண்டியவை உண்டு.

கதை சிறியது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சனிக்கிழமை மாலை தன் தாயுடனும் தமக்கையுடனும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் செல்கிறான். கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தேங்காய், வாழையிலை என்று தாய் வாங்கிக்கொண்டே போகிறாள். பை கனக்கிறது. மீன் கடைகள் இருக்கும் ஈரமான சந்தில் தாய் உரத்த குரலில், தமிழும் இந்தியும் கலந்து பேரம் பேசுகிறாள். அவ்வேளையில் சாலைக்கு அப்பாலுள்ள தில்லி ஹாட்டிலிருந்து பள்ளித் தோழர் இருவர் வந்து எதிர்ப்படுகின்றனர். “அந்த ஆண்ட்டி யார்?” என்று ஒருவன் நகைத்துக்கொண்டே கேட்கிறான். “பதா நஹீ” என்கிறான் நம் சிறுவன். தெரியாது என்று பொருள். தாய் அதைக் கேட்டுவிடுகிறாள்.

இதுதான் நீக்கச் சொல்லும் காட்சி. பெற்ற தாயை அறியேன் என்று சொல்லும் மகனையா தமிழ்ச் சங்கத்து மேடையில் காட்டுவது என்று பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஒன்று கேட்கிறோம். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுள், தோழர் முன்னிலையில் தாயின் இந்தியைக் கேட்டு ஒருமுறையேனும் நான்கடி தள்ளி நடவாத பிள்ளை உண்டா? தாய்மார்கள் சிலர் புன்னகை புரிவதைக் காண்கின்றோம். அவர்கள் அறிவார்கள்.

தாயின் இந்தியைப் பற்றியும் ஒரு சொல். உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்த மொழியில் பிறந்தவள் அவள். கத்தரிக்காய் ஆண்பால் என்றும் வெண்டைக்காய் பெண்பால் என்றும் இந்திக்காரர் சொன்னால் அவள் எங்ஙனம் ஒப்புவாள்? பைங்கனையும் பிண்டியையும் ஒரே பாலில் வைத்துப் பேசுகிறாள். கடைக்காரனும் விளங்கிக்கொண்டு காய் தருகிறான். வணிகம் நடக்கிறது. நாணம் முழுவதும் அருகில் பை சுமந்து நிற்கும் பிள்ளைக்கே உரியது.

பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வரையுள்ள அந்தப் பருவத்தை விடலைப் பருவம் என்கிறோம். உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வரை கணக்கிடுகிறது. இப்பருவத்தினரைப் படம் எடுப்போர் முதலில் தேடுவது காதல். அடுத்துத் தேர்வுத் தோல்வி. அதற்கடுத்துத் தந்தையோடு சண்டை. நாணத்தை எடுப்போர் அரியர். ஆனால் பிறர் கண்ணுக்குத் தான் எப்படித் தோன்றுகிறோம் என்ற அச்சந்தானே அப்பருவத்தின் முழுநேரத் தொழில்! நம் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்தார். அவர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் இளிவரல் ஒன்று. வேறு முப்பத்திரண்டையும் அவர் தொகுத்துள்ளார். அவற்றுள் நாணல் ஒன்று. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் தோன்றுவதே மெய்ப்பாடு என்பர். படக்கருவிக்கும் இதுவே இலக்கணம். அது உள்ளத்தைப் பார்க்க வல்லது அன்று. மெய்யை மட்டுமே பார்க்கும். சிறுவனின் காது மடல் சிவப்பது, பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, பார்க்க வேண்டாத கடையொன்றைக் கூர்ந்து பார்ப்பது ஆகியவை கருவிக்குப் புலப்படும். “எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்று அவன் வாயால் சொன்னால் கருவிக்கு வேலை இல்லை. அது வானொலி நாடகம் ஆகிவிடும்.

தமிழ்ப் படங்களில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பாலு மகேந்திரா 1979-இல் ‘அழியாத கோலங்கள்’ எடுத்தார். சிற்றூர்ச் சிறுவர் மூவரின் விழிப்பும் இழப்பும் அதில் உள்ளன. பாரதி-வாசு என்ற பெயரில் இருவர் இயக்கிய ‘பன்னீர் புஷ்பங்கள்’ 1981-இல் உதகைப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டிற்று. இவற்றின் பின், முப்பது வயது கடந்த கதாநாயகர்கள் மீசையை மழித்துக்கொண்டு பிளஸ் டூ படிக்கும் படங்கள் எத்தனையோ வந்தன. அவற்றைப் பற்றிப் பேச நேரமில்லை.

சந்தையில் நடக்கும் படம் என்பதால் ‘கோலி சோடா’வை மட்டும் குறிப்பிடுகிறோம். பாண்டிராஜ் 2009-இல் இயக்கிய ‘பசங்க’ படத்தில் சிறுவராக நடித்த பிள்ளைகளையே விஜய் மில்டன் 2014-இல் கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமக்கும் விடலைகளாக நடிக்க வைத்தார். இடையே ஐந்தாண்டு ஓடிற்று, முகம் நீண்டது, குரல் மாறிற்று. அம்மாற்றத்தை எந்த ஒப்பனையாலும் செய்துவிட முடியாது. மூட்டைக்கு அடியில் அவர்கள் உடல் வளையும் காட்சிகளில் நமக்கு ஐயமே எழவில்லை. சண்டைக் காட்சிகளில் அவர்கள் வளர்ந்த கதாநாயகரைப் போல் ஆகிவிடுவது நமக்கு ஏற்புடையது அன்று. நம் மாணவர்களும் கதையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கைகலப்பு வைத்திருக்கின்றனர். அதை எடுத்துவிடலாம், எவரும் வருந்தார்.

இனி, இக்கதைக்கு மிக அண்மையிலுள்ள படத்துக்கு வருவோம். மகாராட்டிரத்தில் அகமதுநகர் என்ற ஊர் உண்டு. இப்போது அகில்யாநகர் என்பர். அங்குள்ள கல்லூரியில் தகவல் தொடர்பியல் பயின்ற நாகராஜ் மஞ்சுளே, படிப்பின் ஒரு பகுதியாக ‘பிஸ்துல்யா’ என்ற குறும்படத்தை எடுத்தார். பள்ளிக்குச் செல்ல ஏங்கும் ஏழைச் சிறுவனின் கதை. மாணவர் எடுத்த படந்தான். எனினும் தேசிய விருது பெற்றது. அதில் நடித்த சூரஜ் பவார் என்ற சிறுவனை மஞ்சுளே விட்டுவிடவில்லை. பின்னர் எடுத்த படங்களிலும் நடிக்க வைத்தார்.

அவ்வாறு 2013-இல் வந்தது ‘ஃபண்ட்ரி’. தலைப்பைக் கவனியுங்கள். அது மராத்திச் சொல் அன்று. கைக்காடி மக்களின் மொழிச் சொல். அம்மொழி தமிழோடு உறவுடைய திராவிட மொழி. ஃபண்ட்ரி என்பது நம் பன்றியே! அம்மக்கள் வீட்டில் பேசும் சொல், ஊரார் வாயில் ஏச்சாக மாறுகிறது. ஜப்யா என்னும் சிறுவன் தன் வகுப்பில் படிக்கும் ஷாலு என்ற உயர்சாதிப் பெண்ணை எண்ணி ஏங்குகிறான். அவளிடம் நேரே ஒரு சொல்லும் பேசியவன் அல்லன். கருங்குருவி ஒன்றைப் பிடித்து எரித்து அதன் சாம்பலைத் தூவினால் அவள் மனம் திரும்பும் என நம்பிக் குருவியின் பின் அலைகிறான்.

பிறகு ஒரு நாள் ஊருக்குள் திரியும் பன்றியைப் பிடிக்கும் வேலை அவன் குடும்பத்தின்மேல் விழுகிறது. துரத்தும் இடம் பள்ளிக்கூடத்தின் அருகே. உடன் பயில்வோர் பார்த்து நகைக்கின்றனர். ஜப்யா சுவரின் மறைவில் ஒளிகிறான். தந்தை தேடிப் பிடித்து இழுத்து வருகிறார், அடிக்கிறார். பன்றி கைக்கு எட்டும் வேளையில் பள்ளியில் தேசிய கீதம் தொடங்குகிறது. குடும்பம் முழுவதும் அசையாமல் நிற்கிறது. பன்றி நடந்து போகிறது. நகைப்பும் வேதனையும் இவ்வாறு ஒரு காட்சியில் கூடி நிற்பதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இறுதியில் ஜப்யா எறியும் கல் படக்கருவியை நோக்கி, அதாவது நம்மை நோக்கி, வருகிறது. ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேக்குச் சிறந்த குழந்தை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அவன் நடிப்பு பெரும்பாலும் ஒளிந்துகொள்வதுதான். ஒளியும் உடலைக் காட்டியே இயக்குநர் உள்ளத்தைக் காட்டிவிட்டார்.

இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. நம் கதைச் சிறுவனின் நாணம் ஒரு மாலைப்பொழுதின் நாணம். வீடு சேர்ந்து சாப்பிட்டால் பாதி தணியும். ஜப்யாவின் நாணம் பிறப்பின் பெயரால் ஊர் சுமத்தியது. தணிவதற்கு வழியே இல்லை. ஆனால் மெய்யில் தோன்றும் குறி இருவர்க்கும் ஒன்றே. அதனாலேயே இப்படத்தை ஐவரும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பிரெஞ்சு நாட்டுத் துரூஃபோவையும் சொல்லாமல் விட முடியவில்லை. அவரும் 1957-இல் சிறுவர் கூட்டம் ஒன்றைப் பற்றிய குறும்படத்தில் பழகிய பின்னரே, 1959-இல் ‘ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கும் படத்தை எடுத்தார். அதில் அந்துவான் என்னும் சிறுவன், பள்ளிக்கு வராத காரணத்தை ஆசிரியர் கேட்டபோது, “என் தாய் இறந்துவிட்டாள்” என்கிறான். தாயோ உயிருடன் பள்ளிக்கே வந்து நிற்கிறாள்! தாயை அறியேன் என்ற நம் சிறுவன் அவனுக்கு எவ்வளவோ மேல் அல்லவா? அந்தப் படம் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. பிரெஞ்சுத் தாய்மாரின் பெருமை குன்றியதாகத் தெரியவில்லை.

அப்படத்தில் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சீர்திருத்த இல்லத்தில் உளநூல் அறிஞர் ஒருவர் அந்துவானை வினவுகிறார். வினவுபவர் திரையில் தோன்றுவதே இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. பையன் மேசை எதிரே அமர்ந்து விடை சொல்கிறான். அவ்விடைகள் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கப்பட்டவை அல்ல. நடித்த ழான் பியர் லியோ என்ற 14 வயதுச் சிறுவன் அவ்வப்போது தானே சொன்னவை. தோள் குலுக்குகிறான், விரலை நெருடுகிறான், சிரிப்பை அடக்குகிறான். வசனம் எழுதுவோர் ஓராண்டு உழைத்தாலும் அந்த விரலை எழுத முடியாது.

இதனால்தான், அன்புள்ள இளைஞர்களே, தங்கள் கதையின் கடைசி இரண்டு பக்கங்களோடு நமக்குச் சச்சரவு. பெரியோர் மனம் கோணாதிருக்க வேண்டும் என்று எண்ணி, இரவில் சிறுவன் தாயின் காலடியில் அமர்ந்து தாய்மையின் மேன்மை குறித்து நான்கு நிமிடம் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் எழுந்தது முதல் “அம்மா, வோ நீலா வாலா சட்டை எங்கே?” என்று பேசும் பையன், இரவானதும் பட்டிமன்ற நடுவரைப் போல் முழங்குவது எங்ஙனம்? பின்னணியில் வயலின் வேறு. தாய் கண்ணீர் உகுக்கிறாள். அந்தக் கண்ணீருக்குக் கிளிசரின் வாங்குவதாகச் செலவுக் கணக்கிலும் எழுதியுள்ளீர்கள்.

அந்த நான்கு நிமிடத்தை நீக்கிவிடுங்கள். செயற்குழுவுக்கும் இதையே சொல்கிறோம்: தாங்கள் நீக்கச் சொன்ன காட்சி இருக்கட்டும், தங்களுக்காகச் சேர்க்கப்பட்டது போகட்டும். சொற்பொழிவால் வரும் மன்னிப்பைப் பார்க்கும் பிள்ளைகள் நம்பப் போவதில்லை. நம்முடைய மேடையில் உள்ளதைச் சொன்னால் வெட்டுவார்கள் என்று கண்டுகொண்டால், அடுத்த ஆண்டு அவர்கள் மேடைக்கே வாரார். இசை நாற்காலி விளையாட்டோடு இளைஞர் பிரிவு முடிந்துவிடும். இப்பொழுதே கோலாட்டத்திற்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதைச் செயலாளர் அறிவார்.

அப்படியானால் “பதா நஹீ”க்குப் பின் என்ன நிகழ வேண்டும்? தாய்க்குத் தெரிந்த இந்தி சிறிது. ஆனால் அந்த இரு சொற்கள் அவள் தில்லிக்கு வந்த முதல் வாரமே கற்றவை. கேட்கிறாள். பேரத்தை நிறுத்துவதில்லை, குரல் மட்டும் ஒரு படி இறங்குகிறது. தோழர்கள் போன பின் மகனிடமிருந்து கனத்த பையைத் தான் வாங்கிக்கொள்கிறாள். அவன் கொடுத்துவிடுகிறான். இவ்வளவு போதும் என்று கருதுகிறோம். மெட்ரோ நிலையம் வரை மூவரும் நடப்பதைப் பின்னிருந்து காட்டலாம். யார் யாருக்கு எத்தனை அடி முன்னே நடக்கிறார் என்பதிலேயே எல்லாம் விளங்கிவிடும்.

மொழியைப் பற்றி ஒரு கேள்வி எழுந்துள்ளது. சங்கத்தின் படம் ஆகையால் உரையாடல் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்றனர் சிலர். மாணவரும் இணங்கித் தோழர்களையும் தமிழ் பேச வைத்துவிட்டனர். இது தகாது. நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் இந்தி. எந்த உணர்ச்சி எந்த மொழியில் வெளிப்படுகிறது என்பதே நம் காலனிப் பிள்ளைகளின் தனிக் கதை. சினம் வந்தால் இந்தி. பசி வந்தால் தமிழ். பொய் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் என்று நம் வீட்டில் கண்டிருக்கிறோம். அந்தச் சிறுவன் தாயை மறுக்கும்போது இந்தியில்தான் மறுக்க வேண்டும். அவனுக்கு அது ஒரு மறைவிடம். ஜப்யாவுக்குச் சுவர் போல. தமிழில் மறுக்க அவனுக்கு நா எழாது. திரையின் கீழே தமிழில் எழுதிக் காட்டினால் தீர்ந்தது. தில்லித் தமிழரின் இரட்டை முகத்தை எழுதிய ஆதவன், ‘என் பெயர் ராமசேஷன்’ என்ற நாவலில் ஓர் இளைஞன் இடத்துக்கு இடம் பூணும் வேடங்களைக் காட்டியிருக்கிறார். அதை ஐவரில் இருவரேனும் படிக்க வேண்டும். தமிழ் வாசிக்க இயலாதவர்க்கு மற்றவர் படித்துக் காட்டலாம்.

தமக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதையில் அவளுக்கு ஒரே வசனம்: “சீக்கிரம் வா.” எழுதியவர் ஐவரும் ஆண்பிள்ளைகள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பதினேழு வயதுப் பெண் அச்சந்தில் நிற்கிறாள். தம்பி சொன்னதையும் கேட்கிறாள். தாய் கேட்டதையும் பார்க்கிறாள். அவளுக்கென்று உள்ளம் இல்லையா? ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம். அருகிலேயே லட்சுமிபாய் நகர். அந்த ஜான்சி ராணியின் பெயரால் 1943-இல் அமைந்த பெண்கள் படையில் மலேயாவின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அவ்வயதுப் பெண் துப்பாக்கி ஏந்த முடிந்ததென்றால், நம் கதைப் பெண் ஒரு பார்வையாவது பார்க்கலாம். அவள் தம்பியைப் பார்க்கும் பார்வை ஒன்றைப் படம் பிடியுங்கள். கைகலப்பை நீக்கியதால் மிஞ்சும் நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

இனிச் சில நடைமுறைகள். சிறுவனாக நடிப்பவன் அந்த வயதினனாகவே இருக்க வேண்டும். கல்லூரி முடித்த அண்ணன்மார் விண்ணப்பிக்க வேண்டா. 2017-இல் வகுத்த மைய அரசின் விதிகள்படி, திரைப்படத்தில் தோன்றும் குழந்தையிடம் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்குதல் கூடாது. அவ்விதி 14 வயது நிரம்பாதவர்க்கு உரியது. நம் பையன் சற்று மூத்தவன். எனினும் அளவு நல்ல அளவு, அதையே கைக்கொள்வோம். பெற்றோரின் இசைவை எழுத்தில் பெறுங்கள். எடுத்த படத்தை அவனுக்கு முதலில் காட்டி, அவன் வேண்டாம் என்னும் காட்சியை விட்டுவிடுங்கள். வகுப்புத் தோழர் கேலிக்கு நாளை அவனே ஆளாவான். கதை எழுதியவர் ஆகமாட்டார்.

படப்பிடிப்புக்குக் கைபேசியே போதுமானது. சந்தின் நெரிசலில் பெரிய கருவி புகாது, புகுந்தால் கூட்டம் முழுவதும் அதையே பார்க்கும். இடர்ப்பாடு ஒலியில்தான். மீன் வெட்டும் கத்தி, தண்ணீர் வீசும் ஓசை, விலை கூவுதல் எல்லாம் சேர்ந்து பிள்ளையின் முணுமுணுப்பை விழுங்கிவிடும். சந்தையின் ஓசையைத் தனியே பதிந்து, அந்த இரு சொற்களை வீட்டில் அமைதியாகப் பதிந்து, பின்னர் இணைத்துக்கொள்ளலாம். வயலின் வேண்டா, கத்தியின் ஓசை போதும். கடைக்காரர்களிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். கூட்டம் மிகும் மாலையைத் தவிர்த்து முற்பகலில் செல்வது நன்று.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தாய் வேடத்துக்கு நேற்று வரை எவரும் பெயர் கொடுக்கவில்லை. நாடக அனுபவம் தேவையில்லை, ஒப்பனை தேவையில்லை, சொந்தப் பையே போதும். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பிண்டிக்கும் பைங்கனுக்கும் பால் வேறுபாடு அறிந்தவர் அன்புகூர்ந்து பெயர் கொடுக்க வேண்டா. மற்றத் தாய்மார் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நிற்கும் மாணவரிடம் சொல்லிச் செல்லலாம்.